வலைக்கு ஒரு பங்கு

வக்கீல் சம்பூர்ணம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குச் சட்டத்தில் வழி சுருங்கிவிட்டது என்று அர்த்தம். குமாஸ்தா நூர்முகமதுக்கு இது அத்துப்படி. செங்கல்பட்டு கோர்ட் வட்டாரத்தில் சம்பூர்ணத்துக்கு ஒரு பெயர் உண்டு. மற்ற வக்கீல்கள் கட்சிக்காரர் சொன்னதை வைத்துக்கொண்டு வாதாடுவார்கள். இவர் கட்சிக்காரர் சொல்லாததைத் தேடிப் போவார். தேடிப் போகிற வேலையில் பஸ்ஸுக்கு இடம் பிடிப்பது, வெயிலில் நிற்பது, தெருநாய்க்குப் பயந்து ஓடுவது ஆகிய பகுதிகள் நூருடையவை.

அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் ஆதியம்மாள், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரி. கணவன் கடலோடு போய்விட்டான். அவன் விட்டுப்போன ஒரே சொத்து ஒரு நைலான் வலை. எழுபத்தைந்தாம் வருஷத்தில் அந்தக் குப்பத்தில் மற்றவர்களெல்லாம் பருத்தி வலையை மரப்பட்டைச் சாயத்தில் தோய்த்துத் தோய்த்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவள் வலைக்குக் கிராக்கி. பெண் கடலுக்குப் போகமாட்டாள், வலை போகும். பிடித்த மீனில் வலைக்கென்று ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை விற்றுத்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அந்த வலை திருட்டுப் போனது. எடுத்தவன் வேற்றாள் இல்லை. அவள் கொழுந்தன் நீலமேகத்தின் மகன் சடையன், பதின்மூன்று வயசுப் பையன், தாயில்லாத பிள்ளை. சவுக்குத் தோப்புப் பக்கம் அவன் வலையை இழுத்துக்கொண்டு போனதை ஒருத்தி பார்த்துவிட்டாள். கேட்டதும் ஒப்புக்கொண்டான். ரோட்டில் நின்ற லாரிக்காரனிடம் விற்றுவிட்டதாகச் சொன்னான். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. நீலமேகம் எல்லார் முன்னாலும் மகனைப் புரட்டி எடுத்தான், விதித்த தெண்டத்தையும் கட்டினான். பையன் செய்த தப்புக்கு அப்பன் தெண்டம் கட்டினால் விஷயம் தீர்ந்தது என்பது அந்த ஊர்க் கட்டு.

"தெண்டம் கோயிலுக்குப் போச்சி. எனுக்கு இன்னா வந்துது?" என்றாள் ஆதியம்மாள்.

அதனால் அந்தக் குப்பத்தில் அதுவரை யாரும் செய்யாததை அவள் செய்தாள். ஊரை மீறிப் போலீசுக்குப் போனாள். சடையனைக் கொண்டுவந்து செங்கல்பட்டில் சிறுவர்களை வைக்கிற இல்லத்தில் அடைத்தார்கள். ஊர் அவளோடு பேசுவதை நிறுத்தியது. இந்த வாரமே அவன் கேஸ் சிறுவர் கோர்ட்டுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டாள். பையனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். வலையும் திரும்ப வேண்டும், பிள்ளையும் கெட்டுப் போகக் கூடாது. சட்டத்தில் அதற்கு என்ன இருக்கிறது என்று கேட்க வந்திருந்தாள்.

சம்பூர்ணம் ஒளிக்காமல் சொன்னார். சின்னப் பையனை ஜெயிலில் போடமாட்டார்கள். நல்ல கையில் ஒப்படைத்து வீட்டுக்கு அனுப்பலாம், இல்லையென்றால் சீர்திருத்தப் பள்ளி. புகாரை வாபஸ் வாங்கிச் சமாதானமாகப் போகலாம் என்றால், அற்பப் பொருள் திருட்டுக்குத்தான் கோர்ட் அதற்கு அனுமதி தரும். வலையின் பெறுமானத்துக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. நஷ்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போடலாம். யார் மேல்? பையனிடம் கட்டியிருக்கும் டிராயரைத் தவிர ஒன்றும் இல்லை. அப்பன் என்கிற ஒரே காரணத்துக்காக நீலமேகத்தின் கழுத்தைப் பிடிக்கவும் முடியாது. அவன் தூண்டிவிட்டிருந்தால் அது வேறு.

"பிள்ளை திருடினா சட்டம் கண்ணை மூடிக்கும், திருட்டுக் கொடுத்தவங்க வாயை மூடிக்கணும்" என்றான் நூர். சம்பூர்ணம் முறைத்த முறைப்பில் மேஜை மேல் இருந்த மைக்கூட்டை நகர்த்தி வைக்கிற வேலையில் இறங்கிவிட்டான்.

"ஒரு வழி மிச்சம் இருக்கு" என்றார் சம்பூர்ணம். "திருட்டுப் பொருள் யார் கையில இருந்தாலும் அது உங்களுதுதான். அவன் காசு குடுத்தே வாங்கியிருந்தாலும் சரி. வலை எங்கன்னு தெரிஞ்சா போதும்."

"லாரிய எங்க போயி தேடறது?" என்று கேட்டுவிட்டு ஆதியம்மாள் எழுந்து போனாள்.

அவள் படியிறங்கியதும் சம்பூர்ணம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போகிற லாரிக்காரன் ஒரு பொடியனிடம் மீன் வலையை வாங்கி என்ன செய்வான், மூட்டைப்பூச்சி பிடிப்பானா என்று கேட்டார். ஈர வலையின் கனத்துக்கு அந்தப் பையன் தோப்பு வரை இழுத்ததே அதிகம். அதற்குமேல் ஒரு பெரிய தோள் தூக்கியிருக்கிறது. வலை கடலை விட்டு எங்கும் போகவில்லை.

"அப்ப வூடு வூடா பூந்து தேடணுமா? குப்பத்துல என்னைய உரிச்சுக் கருவாடு போட்டுடுவாங்க வக்கீலம்மா."

"வலையைத் தேடாதே நூரு. அதுக்குச் சாயம் போடலாம், மிதவையை மாத்தலாம். வலையோட பங்கைத் தேடு. அதை யாரும் ஒளிக்க முடியாது. வெட்டவெளியில, நடுக் கரையில பிரிப்பாங்க."

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். நூர் நாஸ்தாவுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டான், இல்லை என்று பதில் வந்தது. இந்த மலைக் கழுகுக்குக்கூட உச்சிவேளையில் சோறு நிச்சயம், தன் உத்தியோகத்தில் அதுவும் இல்லை என்று அவன் கண்டக்டரிடம் முறையிட்டான். கண்டக்டர் சிரித்தார். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. சீர்திருத்தப் பள்ளிக்குப் போன பையன் வெளியே வரும்போது மீசை முளைத்திருக்கும் என்று மட்டும் சொன்னார்.

குப்பத்துக் கரையில் ஹோட்டலுக்கு மீன் எடுக்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். நூர் ஒரு சுறாவை விலை பேசி, அதன் மூக்கு சரியில்லை என்று தள்ளி, மீன்காரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அதற்குள் கட்டுமரங்கள் கரை ஏற ஆரம்பித்தன. மீனை மணலில் கொட்டிக் கூறு போட்டார்கள். போன ஆளுக்கு ஒரு கூறு, மரத்துக்கு ஒரு கூறு, வலைக்கு ஒரு கூறு. அவரவர் கூறை அவரவர் அள்ளினார்கள். எந்தக் கூறு யார் கூடைக்குப் போனாலும் பார்த்த கண்ணுக்கு அதில் வில்லங்கம் இல்லை.

கடைசியாக நீலமேகத்தின் மரம் வந்தது. அவனும் கூட இரண்டு ஆட்களும். ஐந்து கூறு விழுந்தது. ஆட்கள் இருவரும் தங்கள் கூறை எடுத்தார்கள். நீலமேகம் தன் கூறையும் மரத்துக் கூறையும் எடுத்தான். ஐந்தாவது கூறு அப்படியே மணலில் கிடந்தது. யாரும் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. பிறகு அந்த ஆட்களில் ஒருவனுடைய பெண்சாதி பாப்பா வந்து, அதைக் கூடையில் அள்ளி, மேலே ஈரக் கோணியைப் போட்டு மூடிக்கொண்டு நடந்தாள்.

சம்பூர்ணம் கண்ணைக் காட்டினார். நூர் நடந்தான். கூடை சந்து சந்தாக வளைந்து, கடைசியில் ஆதியம்மாள் வீட்டு வாசலில் இறங்கியது. பாப்பா ஒரு வார்த்தை பேசாமல் மீனைக் கொட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். இது என்ன என்று நூர் கேட்டதற்கு, வலை போன நாளிலிருந்து கொழுந்தன்தான் இப்படி அனுப்புகிறார், மகன் செய்ததற்கு மனசு கேட்கவில்லை போல, இதுதான் இப்போது தன் சோறு என்றாள் ஆதியம்மாள்.

ஊரே ஒதுக்கி வைத்தவளுக்கு, மகனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தவளுக்கு, ஒரு மனிதன் தினமும் மீன் அனுப்புகிறானே. நூர் கரைக்குத் திரும்பி, நீலமேகம் தங்கமான ஆள், நாம் லாரிக்காரனையே தேடுவோம் என்று சொன்னான்.

"தருமம் செய்யறவன் எதுலேருந்து எடுத்துக் குடுப்பான்?" என்று சம்பூர்ணம் கேட்டார்.

"தன் கூறுலேந்து."

"அவன் தன் கூறுல கை வைக்கலை. அஞ்சாவது கூறை, கூட வந்த ரெண்டு பேரும் ஏன் கேக்கலை? அவங்க ஏன் தருமம் செய்யணும்? அது யார் கூறு?"

நூர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தான். ஆட்கள் எடுத்தாயிற்று, மரத்துக்கு எடுத்தாயிற்று. மிச்சம் இருப்பது வலை. வலை நீலமேகத்தினுடையதாக இருந்தால் அந்தக் கூறும் அவன் கூடைக்குப் போயிருக்கும். அது ஆதியம்மாள் வாசலுக்குப் போகிறது என்றால் கடலில் இறங்குகிற வலை யாருடையது? அவன் சம்பூர்ணத்தைத் தேடித் திரும்பினான்.

சம்பூர்ணம் அதற்குள் வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் போய்விட்டார். எல்லா வலையும் பட்டைச் சாயம் ஏறிக் கறுத்துக் கிடந்தன. நீலமேகத்தின் வலையும் அதே கறுப்புதான். ஆனால் மற்றவை இன்னும் சொதசொதவென்று இருக்க, கடைசியாக வந்த இந்த வலை மட்டும் காய்ந்திருந்தது. அவர் அதை விரலில் தேய்த்தார். சாயம் விரலோடு வந்துவிட்டது.

"என் நைலக்ஸ் புடவையும் இப்படித்தான்" என்றார். "பிழிஞ்சு உதறதுக்குள்ள காஞ்சிடும். சாயமும் ஏறாது."

பின்னால் நீலமேகம் நின்றிருந்தான். ஓடவில்லை, கத்தவில்லை. வக்கீல் என்று தெரிந்ததும் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். அதுவரை தன் மரத்தோடு கடலுக்குப் போய்வந்த வலையை அண்ணி கோவளத்தில் இருக்கிற தன் தம்பிக்குக் கொடுக்கப் போவதாகக் காதில் விழுந்ததாம். அந்த வலை போனால் கூட வருகிற இரண்டு ஆட்களும் வேறு மரத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் மகனை ஏவினான். தோப்பில் நின்று தூக்கிக்கொண்டான். லாரிக்காரன் கதையும் அவன் சொல்லிக் கொடுத்ததுதான்.

"நானு எடுத்தா மரத்த வுட்டே தள்ளி வச்சுடுவாங்க. பையன் எடுத்தா ஊரு தெண்டம் போட்டு வுட்டுடும். நாலு அடி, ஒரு தெண்டம், தீந்துச்சி. அண்ணி போலீசுக்குப் போவும்னு யாரு கண்டது? இந்தக் குப்பத்துல ஒருத்தர் போனதில்ல."

"பின்ன பங்கை ஏன் அனுப்பினே?" என்று சம்பூர்ணம் கேட்டார்.

அவன் அவரை ஆச்சரியமாகப் பார்த்தான். "வலை அண்ணியோடதுதானே? வலைக்குப் பங்கு வைக்காம கடல்ல எறங்க முடியுமா? கன்னியம்மா சாமி பாத்துகினு கீறா."

நூருக்குக் கோபம் வந்தது. வலைக்குப் பங்கு வைத்த மனிதன், பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் வைக்கவில்லையே. அடித்த அடியும் நிஜ அடி. அந்தப் பொடியன் அதை வாங்கிக்கொண்டு, ஊர் முன்னாலும் போலீஸ் முன்னாலும் அப்பன் பெயரைச் சொல்லாமல் நின்றிருக்கிறான்.

நீலமேகம் ஒன்றே ஒன்று கேட்டான். தான் ஒத்துக்கொண்டால் பையன் வீட்டுக்கு வந்துவிடுவானா என்று. சம்பூர்ணம் பொய் சொல்லவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் பையன் பள்ளிக்குத்தான் போவான். ஒத்துக்கொண்டால் அவன் மேல் இருக்கிற பாரம் குறையும். ஆனால் ஏவிவிட்ட அப்பன் கையில் கோர்ட் பிள்ளையை ஒப்படைக்காது. அதோடு அப்பன் அப்போது வீட்டில் இருக்கமாட்டான், ஜெயிலில் இருப்பான். வேறு யாராவது பொறுப்பானவர்கள் ஏற்றுக்கொண்டால் உண்டு. நீலமேகம் எழுந்து, வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் இருக்கிற திசையில் முன்னால் நடந்தான்.

ஆதியம்மாளிடம் சொல்லும் வேலை சம்பூர்ணத்துக்கு. கேட்டதும் அவள் வாசலில் கிடந்த மீனையே பார்த்தாள். என் மீனையே எனக்குப் பிச்சை போட்டிருக்கிறானே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை அடங்கியதும் வலையைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு இனி யார் என்று கேட்டாள்.

"பொறுப்பானவங்க யாராவதுன்னுதான் சட்டம் சொல்லுது. திருட்டுக் கொடுத்தவங்க ஏத்துக்கக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலை" என்றார் சம்பூர்ணம்.

"அப்ப எங்கிட்ட குடுக்கச் சொல்லு வக்கீலம்மா. கஞ்சியோ கூழோ, நானு பாத்துக்கறன்."

வெள்ளிக்கிழமை சிறுவர் கோர்ட். அது கோர்ட் மாதிரி இல்லை. ஒரு சின்ன அறை, மேஜை, பெஞ்சு, அங்கி போடாத மாஜிஸ்ட்ரேட் ராமானுஜம். சடையன் சுவரோரம் நின்றான். தலையை மொட்டையடித்திருந்தார்கள், காது இரண்டும் பெரிசாகத் தெரிந்தன. சம்பூர்ணம் எல்லாவற்றையும் சொன்னார். பையன் தன் புத்தியில் செய்யவில்லை, அப்பன் சொல்லைத் தட்டாமல் செய்தான். அப்பன் இப்போது ரிமாண்டில். பொருளை இழந்தவளே இவனைக் கேட்டு நிற்கிறாள். நூருக்கு இந்த கேஸ் கையில் வந்துவிட்டது என்றே தோன்றியது. மாஜிஸ்ட்ரேட்டின் முகமும் இளகியது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பெரியம்மாவோடு போகிறாயா தம்பி என்று பையனைக் கேட்டார்.

"போமாட்டன் சார்."

ஆதியம்மாள் எழுந்துவிட்டாள். அப்பனைப் பிடித்துக் கொடுத்த கோபமா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். பையன் இல்லை என்று தலையாட்டினான். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எங்கப்பன் வலைய எடுத்தாடான்னுச்சி. பெரிம்மா மீன எடுத்தாடான்னும். சின்னதுலேந்து அடுத்தவங்க கூறுலேந்து எடுத்தாரச் சொல்லி அதுதான் அனுப்பும். எடுத்தாந்தாதான் சோறு." அவன் முதல் தடவையாக நிமிர்ந்து மாஜிஸ்ட்ரேட்டைப் பார்த்தான். "இஸ்கூல்ல எடுத்தாரச் சொல்ல மாட்டாங்க இல்ல சார்?"

கரையில் பொடிசுகள் கூறிலிருந்து நாலு மீனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. துரத்துகிறவளும் பாதி தூரத்தில் சிரித்துவிட்டு நின்றுவிடுவாள். ஆதியம்மாளும் அதைத் திருட்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு தாயில்லாப் பிள்ளையை வளர்ப்பதாகத்தான் நினைத்திருந்தாள். இப்போது அவள் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன் பேச்சை யார் நம்பப் போகிறார்கள்? அந்த வார்த்தையைச் சொல்லிவிடமாட்டாளா என்று நூரே ஏங்கினான்.

உண்மையா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார்.

"ஆமா சாமி" என்றாள் அவள். "அவன் வயித்துக்கும் சேத்துதான் அனுப்புனன்."

மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்து எழுதினார். சீர்திருத்தப் பள்ளி. சடையன் அழவில்லை. கூட்டிக்கொண்டு போக வந்த ஆளின் பின்னால், யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கொண்டு நடந்து போனான். அவள் பக்கம் திரும்பவில்லை.

வலை சாயங்காலம் கிடைத்தது. நீலமேகத்தின் கேஸ் முடிகிறவரை அதை விற்கக் கூடாது, கடலில் இறக்கிச் சேதப்படுத்தக் கூடாது, கேட்டபோது கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எழுதிப் படித்துக் காட்டினார்கள். ஆதியம்மாள் பெருவிரலை வைத்தாள். சம்பூர்ணம் ஆபீஸ் மாடி ஏறிப் போய்விட்டார். ஜெயித்த கேஸில் இப்படித் தலைகுனிந்து போனதை நூர் பார்த்ததில்லை.

அவன் வலையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். அவள் பின்னால் வந்தாள். மாமல்லபுரம் பஸ் நின்றிருந்தது. வலையைப் பின் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அவன் இறங்கியதும் அவள் கூப்பிட்டாள்.

"தம்பி, அங்க சோறு போடுவாங்களா?"

"மூணு வேளையும் போடுவாங்கம்மா."

"சும்மாவா?"

நூர் ஆமாம் என்று தலையாட்டினான். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள்.